குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பது எப்படி: கோலாலம்பூரில் முதல் இரவிலிருந்து தீர்ப்பு நாள் வரை

நம் நாட்டில் ஒரு குற்ற வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அதில் இரண்டே தரப்பு: அரசுத் தரப்பு, குற்றம் சாட்டப்பட்டவர். அடிபட்டவர், பணத்தைப் பறிகொடுத்தவர், பிள்ளையை இழந்தவர் எல்லாரும் அங்கே சாட்சிதான். துணை அரசு வழக்கறிஞரான டி.பி.பி. அரசுக்காக வாதாடுகிறார். ஐ.ஓ. என்று எல்லாரும் சொல்லும் விசாரணை அதிகாரியின் மேசையில் இன்னும் எத்தனையோ கோப்புகள் இருக்கும். பாதிக்கப்பட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வழி முழுக்கக் கூட நடக்க வேண்டியவர் என்று யாரையும் சட்டம் நியமிப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, கோயில் குழு உறுப்பினர், தங்கையின் கணவர், தொழிற்சங்கத் தோழர் என்று யாராவது ஒருவர்தான் அந்த இடத்துக்கு வருகிறார். இந்த வழிகாட்டி அவருக்காக.

உங்கள் வேலை என்ன என்பதை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் செய்வதா வேண்டாமா, வீட்டை விட்டு வருவதா இல்லையா, யாரிடம் சொல்வது என்ற முடிவுகள் எல்லாம் அவருடையவை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தால் மட்டும் இது மாறும். அதைத் தனியே பார்ப்போம். தாள், தேதி, போக்குவரத்து, சாப்பாடு, காத்திருப்பு இவைதாம் உங்களுடையவை. கேட்கச் சின்ன வேலைபோல இருக்கும். ஆனால் வழக்குகள் பெரும்பாலும் சரிவது இங்கேதான்: தேதி தவறியது, மருத்துவச் சான்று இல்லை, ரிப்போர்ட்டில் முக்கியமான ஒரு வரி விடுபட்டது.

முதல் சில மணி நேரம்

முதலில் பாதுகாப்பு. தாக்கியவர் இன்னும் பக்கத்தில் இருந்தால் 999. அழைக்கும்போது முதலில் முகவரியைச் சொல்லுங்கள்: அடுக்குமாடியின் பெயர், புளோக், மாடி, கதவு எண். கதையை அதற்குப் பிறகு சொல்லலாம். பி.பி.ஆர். எனும் மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளில் புளோக் தெரியாமல் ரோந்து வண்டி கீழேயே சுற்றிக்கொண்டிருப்பது வழக்கம். ஒருவரைக் கீழே வாசலில் நிற்க வையுங்கள்.

அடுத்தது மருத்துவமனை. உடம்பில் காயம் இருந்தால் போலீஸ் நிலையத்துக்கு முன்பே மருத்துவமனைக்குப் போகலாம். ‘ரிப்போர்ட் இல்லாமல் பார்க்க மாட்டார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. என்ற ஒருமுனை நெருக்கடி மையம் இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-இல் தொடங்கிய ஏற்பாடு அது. குடும்ப வன்முறை, பாலியல் தாக்குதல், சிறுவர் வதை ஆகியவற்றுக்கு உள்ளான ஒருவர் பொதுக் கூடத்தில் உட்கார்ந்து நடந்ததைப் பலமுறை சொல்ல வேண்டாம். தனியறையில் மருத்துவரும், தேவைப்பட்டால் போலீசும் சமூகநல அதிகாரியும் அவரைத் தேடி வருவார்கள். பதிவு முகப்பில் உரக்க விவரிக்க வேண்டியதில்லை. ‘ஓ.எஸ்.சி.சி. கேஸ்’ என்று சொன்னால் போதும். அந்த இரண்டு சொல்லை அவருக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாலியல் தாக்குதலாக இருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல், முடிந்தால் சிறுநீர் கழிக்காமல், வாய் கொப்பளிக்காமல் போக வேண்டும். உடை மாற்றிவிட்டிருந்தால் பழைய உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடித்தால் மரபணுத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டார் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தடயம் குறையலாம், ஆனால் காயமும் சிகிச்சையும் குறைவதில்லை. 72 மணி நேரம் என்ற எல்லையை மனத்தில் வையுங்கள்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும், அதை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் சீக்கிரம் எடுத்தால்தான் பலன் தரும். மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

காயத்தைப் படம் எடுக்கும்போது ஒரு படம் முகம் தெரியும்படி, ஒன்று அந்த உறுப்பு முழுதும் தெரியும்படி, ஒன்று மிக அருகில், பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்து. கன்றிய காயம் முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாகக் கறுக்கும். அதனால் மூன்று நாளும் எடுங்கள்.

ரிப்போர்ட் எழுதும் நேரம்

நாட்டில் எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். ‘இது பிரிக்பீல்ட்ஸில் நடந்தது, அங்கே போங்கள்’ என்று செராஸில் சொன்னால், இங்கேயே பதிவு செய்து அனுப்பிவிடும்படி மரியாதையாகக் கேளுங்கள். பிறகு அந்த ரிப்போர்ட் குற்றம் நடந்த வட்டாரத்தின் போலீஸ் தலைமையகத்துக்குப் போய், அங்கே ஐ.ஓ. ஒருவரிடம் ஒப்படைக்கப்படும்.

ரிப்போர்ட் மலாயில் எழுதப்படும். நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். அம்மா தமிழில் அழுதுகொண்டே சொல்கிறார், மகன் பாதியை மொழிபெயர்க்கிறார், போலீஸ்காரர் அதில் பாதியைத் தட்டச்சு செய்கிறார். கடைசியில் ‘குடும்பத் தகராறு’ என்ற மூன்று வரி மிஞ்சுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. அதனால் நிலையத்துக்குள் போகும் முன் வாசலிலோ காரிலோ உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார், என்ன செய்தார், எதைக் கொண்டு, உடம்பில் எங்கே, என்ன சொல்லி மிரட்டினார், யார் பார்த்தது, முன்பு எத்தனை முறை.

‘என் கணவர் என்னை அடித்துவிட்டார், நடவடிக்கை எடுக்கவும்’ என்பது ஒரு ரிப்போர்ட். ‘இரவு 9.40 வாக்கில் சமையலறையில் என் கணவர் வலது கையால் என் இடது கன்னத்தில் இரண்டு முறை அறைந்தார்; பிறகு கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தார்; எனக்கு மூச்சு முட்டியது, கண் இருண்டது; போலீசுக்குப் போனால் பிள்ளைகளைக் கொன்றுவிடுவேன் என்றார்; எட்டு வயது மகன் பார்த்துக்கொண்டிருந்தான்’ என்பதும் ஒரு ரிப்போர்ட். அடி ஒன்றுதான். ஆனால் முதலாவதை வாசிக்கிற அதிகாரிக்குச் சாதாரணச் சண்டை தெரியும். இரண்டாவதில் உயிராபத்து தெரியும். கழுத்தை நெரித்திருந்தால் அதை ரிப்போர்ட்டிலும் மருத்துவரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியே தழும்பே இல்லாமல் உள்ளே வீங்கி ஆபத்தாகக்கூடிய காயம் அது.

வழிப்பறியிலும் இதே கதைதான். ‘பை தொலைந்துவிட்டது’ என்று எழுதவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பிடுங்கினார்கள், இழுத்ததில் விழுந்து முழங்கை உடைந்தது என்று வர வேண்டும். காயம் சேர்ந்தால் திருட்டு கொள்ளையாக மாறக்கூடும். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: ஐ.சி. எனும் அடையாள அட்டை அலட்சியத்தால் தொலைந்தால் தேசியப் பதிவுத் துறையில் அபராதம் கட்ட வேண்டும். பறிக்கப்பட்டது என்று போலீஸ் ரிப்போர்ட் இருந்தால் அந்த அபராதம் இல்லை.

செய்தவரின் பெயர் தெரிந்தால் ஐ.சி.யில் உள்ள முழுப்பெயரைத் தேடுங்கள். ‘பாபு’, ‘போய்’, ‘கட்டை குமார்’ என்று சொன்னால் ஐ.ஓ.வுக்கு எதுவும் கிடைக்காது. தந்தை பெயர், வண்டி எண், கைப்பேசி எண், வேலை செய்யும் இடம் என்று கிடைப்பதைக் கொடுங்கள்.

கையெழுத்துக்கு முன் முழுதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வெளியே வந்த பிறகு ஏதாவது நினைவுக்கு வந்தால் கூடுதல் ரிப்போர்ட் செய்யலாம்; முதல் ரிப்போர்ட்டின் எண்ணை அதில் குறிப்பிட வேண்டும். ரிப்போர்ட் நகல் இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். நிலையத்தின் பெயர், எண், ஆண்டு மூன்றும் சேர்ந்து அதில் இருக்கும். இனி எல்லா இடத்திலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பிறகு ஐ.ஓ. கூப்பிட்டு அதே சட்டத்தின் 112-ஆவது பிரிவின்கீழ் வாக்குமூலம் வாங்குவார். ரிப்போர்ட்டைவிட இது நீளமானது. பிற்பாடு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ரிப்போர்ட்டையும் சாட்சி சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்பதால் நிதானம் வேண்டும். எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே படித்துக்காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்து, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மலாய் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க முன்வர வேண்டாம், குறிப்பாக நீங்களும் சாட்சியாகக் கூடும் என்றால்.

‘மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்’ என்று சொல்லிவிட்டால்

சில குற்றங்களில் போலீஸ் தாமாகக் கைது செய்து விசாரிக்க முடியாது. சாதாரணக் கைகலப்பு, வாய்ச்சண்டை போன்றவற்றில் அரசு வழக்கறிஞரின் உத்தரவு வேண்டும். இல்லாவிட்டால் புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பிவைப்பார்கள். ரிப்போர்ட்டில் எழுதாத காயம், எழுதாத மிரட்டல், எழுதாத உறவுமுறை ஆகியவற்றால்தான் பல வழக்குகள் இந்தப் பெட்டிக்குள் விழுகின்றன. அடித்தவர் கணவரோ முன்னாள் கணவரோ குடும்பத்தினரோ என்றால் அந்த வழக்கு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் வரும். அப்போது போலீஸ் நேரடியாக விசாரிக்க வேண்டும். ‘வீட்டு விவகாரம்’ என்ற பதிலை அங்கே ஏற்க வேண்டியதில்லை. அமைதியாக, ‘1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் ரிப்போர்ட் செய்ய வந்திருக்கிறோம்’ என்று சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அதோடு பேச்சின் தோரணை மாறும்.

குடும்ப வன்முறை: மூன்று பாதுகாப்பு உத்தரவுகள்

இதை நிதானமாகப் படியுங்கள். பலர் ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

முதலாவது அவசரப் பாதுகாப்பு உத்தரவு, இ.பி.ஓ. 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு நீதிமன்றமோ போலீஸ் ரிப்போர்ட்டோ தேவையில்லை. ஜே.கே.எம். எனும் சமூகநலத் துறையின் அதிகாரியே கொடுப்பார், விண்ணப்பித்து 2 மணி நேரத்துக்குள். செல்லுபடி 7 நாள். நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடி வந்தவருக்கு இதுதான். 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999-க்கு அழைத்தால் வழி காட்டுவார்கள்.

இரண்டாவது இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, ஐ.பி.ஓ. இது மாஜிஸ்திரேட் தருவது. போலீஸ் விசாரணை திறந்திருந்தால்தான் கிடைக்கும். ரிப்போர்ட் நகலோடு ஐ.ஓ.வைப் பார்த்து, வழக்கு விசாரணையில் இருக்கிறது என்பதற்கான கடிதத்தை வாங்கி, வட்டார ஜே.கே.எம். அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து அதிகாரி நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போவார். ஒரே நாளில் முடியும் வேலைதான், ஆனால் காலை 8 மணிக்கே கிளம்ப வேண்டும். ஐ.ஓ. வெளியே போயிருந்தால் அந்த நாள் வீண், அதனால் முதல் நாளே அழைத்து உறுதிப்படுத்துங்கள். விசாரணை முடிந்தால் ஐ.பி.ஓ.வும் முடிந்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கே: கையில் தாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள், விசாரணை முடிந்து அது காலாவதியாகியிருக்கும்.

மூன்றாவது பாதுகாப்பு உத்தரவு, பி.ஓ. குற்றம் சாட்டப்பட்டு வழக்கு நீதிமன்றத்தில் நடக்கும்போது கேட்பது. 12 மாதம் வரை. மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். குற்றச்சாட்டு வாசிக்கும் நாளிலேயே டி.பி.பி.யிடம் நினைவூட்டுங்கள்.

உத்தரவு கிடைத்ததும் ஐந்து நகல் எடுங்கள். ஒன்று பாதிக்கப்பட்டவரின் கைப்பையில், ஒன்று பிள்ளைகளின் பள்ளியில், ஒன்று வேலையிடத்துப் பாதுகாவலரிடம், ஒன்று வீட்டருகே உள்ள போலீஸ் நிலையத்தில், ஒன்று உங்களிடம். வாசலில் வந்து கத்துவது, வாட்ஸ்அப்பில் மிரட்டுவது எல்லாம் மீறல்தான். உத்தரவில் என்னென்ன தடை எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஒவ்வொரு மீறலுக்கும் புது ரிப்போர்ட் செய்யுங்கள்.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களும் காதலர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்கு அடிதடி, மிரட்டல் ஆகிய குற்றங்களும், 2023 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த, தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு சொல்லும் பின்தொடர்தல் குற்றமும்தான் வழி. அதற்கு ஒருமுறை வந்தது போதாது, திரும்பத் திரும்ப நடந்தது என்று காட்ட வேண்டும். ஆகவே நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாகக் குறியுங்கள்.

வீட்டை விட்டு வரத் திட்டமிடுகிறவருக்கு ஒரு பை: ஐ.சி., பிள்ளைகளின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வங்கி அட்டை, மருந்து, ஒரு செட் பள்ளிச் சீருடை, நகையின் அடகுச் சீட்டு. அடகுச் சீட்டை எல்லாரும் மறக்கிறார்கள். அது கணவரிடம் இருந்தால் நகை போனதுபோலத்தான். கைப்பேசியில் இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள். இமெயில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இருவரும் ஒரே கிராப் வாடகைக் கார் கணக்கைப் பயன்படுத்தினால் எங்கே இறங்கினார் என்பது அதில் தெரியும். தங்குமிடத்துக்கும் ஆலோசனைக்கும் 1982-இல் தொடங்கிய பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூ.ஏ.ஓ. (03-3000 8858) இருக்கிறது. தங்குமிடத்தின் முகவரியை உறவினர் யாரிடமும் சொல்லாதீர்கள், பெற்ற தாயிடமும்கூட. மாமியார் வந்து அழுதால் அந்தத் தாய் சொல்லிவிடுவார்.

சமாதானம் பேச வருகிறவர்கள்

இரண்டு மூன்று நாளில் வருவார்கள். கோயில் தலைவர், ஊர்ப் பெரியவர், தாய்மாமன். ‘நம்ம சனத்துக்குள்ள போலீஸ் எதுக்கு’ என்பார்கள். அவர்கள் மீது கோபப்பட்டுப் பயனில்லை, பலர் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அடித்தவரையும் அடிபட்டவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசும் இடத்தில் அடிபட்டவர் வாய் திறக்க மாட்டார். அந்தக் கூட்டத்துக்கு அவர் போகத் தேவையில்லை என்று அவர் சார்பில் நீங்கள் சொல்லலாம். பணம் வாங்கிக்கொண்டு ‘ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினேன்’ என்று கடிதம் எழுதினாலும் வழக்கு தானாக நின்றுவிடாது. கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆவது பிரிவின்படி வழக்கைத் தொடுப்பதும் நிறுத்துவதும் அரசு வழக்கறிஞர் கையில். வாபஸ் ரிப்போர்ட்டில் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுத வைத்தால், முதலில் பொய்ப் புகார் கொடுத்தார் என்ற பழி பாதிக்கப்பட்டவர் மேலேயே திரும்பும். அவர் உண்மையிலேயே தொடர விரும்பாவிட்டால், நடந்தது நடந்ததுதான், ஆனால் வழக்கைத் தொடர விருப்பமில்லை என்று மட்டும் எழுதலாம். அதற்கும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால்

இங்கே காத்திருக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. 2017-ஆம் ஆண்டின் சிறுவர் பாலியல் குற்றச் சட்டத்தின்கீழ், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம். டியூசன் ஆசிரியர், பாலர் பள்ளி ஆசிரியர், அத்தை, சித்தப்பா எவருக்கும் விலக்கு இல்லை.

பிள்ளை சொன்னதை அது சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள். ‘மாமா அங்க தொட்டாரு’ என்றால் அப்படியே. நீங்களே திருத்தி மருத்துவச் சொல் போடாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ‘அவர் இப்படிச் செய்தாரா?’ என்று வார்த்தையை எடுத்துக்கொடுக்கவே கூடாது. வீட்டில் ஐந்து பேர் ஐந்து முறை கேட்டால் பிள்ளையின் பதில் கலைந்துவிடும். நீதிமன்றத்தில் ‘பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது’ என்று எதிர்த்தரப்பு வாதாட அது போதும். விசாரணையை டி11 எனும் பாலியல், பெண்கள், சிறுவர் குற்ற விசாரணைப் பிரிவு நடத்தும். நேர்காணலை ஒளிப்பதிவு செய்வது, சாட்சி சொல்லும்போது திரை போடுவது, வேறு அறையிலிருந்து நேரலையில் சொல்ல வைப்பது எல்லாம் 2007-ஆம் ஆண்டின் சிறுவர் சாட்சியச் சட்டத்தில் உண்டு. திரை வேண்டும் என்று முன்கூட்டியே டி.பி.பி.யிடம் கேளுங்கள், விசாரணை நாளன்று கேட்டால் ஏற்பாடு செய்வது கடினம்.

பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதுவும் வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. ‘எல்லாரும் ஷேர் செய்யுங்கள்’ என்று வரும் செய்தியை நீங்கள் நிறுத்துங்கள். பாதிக்கப்பட்ட சிறுவரை அடையாளம் காட்டுவதைச் சிறுவர் சட்டம் தடை செய்கிறது.

பண மோசடி

மோசடியில் நிமிடக் கணக்குதான். பணம் போனது தெரிந்ததும் 997 எனும் தேசிய மோசடி எதிர்வினை மையத்துக்கோ அந்த வங்கியின் மோசடிப் பிரிவுக்கோ அழையுங்கள். அழும் நேரம் பிறகு இருக்கிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், அதற்கு முன் முடக்க முடிந்தால்தான் ஏதாவது மிஞ்சும். பிறகு போலீஸ் ரிப்போர்ட். அதில் ஒவ்வொரு பரிமாற்றத்தின் நேரம், தொகை, பெறுநர் கணக்கு எண், பெயர் தனித்தனி வரியாக வர வேண்டும். குறுஞ்செய்தியையோ செயலியையோ அழிக்காதீர்கள்.

பணம் போன சில வாரங்களில் ‘மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று இன்னொருவர் வருவார். அதுவும் மோசடி. முதலில் ஏமாற்றியவர்களிடமிருந்தே எண் கைமாறியிருக்கக்கூடும். வீட்டில் யாரும் ‘படித்தும் ஏமாந்தாயே’ என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக இழந்த முதியவர்கள் வாயடைத்துப் போவார்கள். தனியே விடக் கூடாது. மன ஆதரவு தரும் பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் (03-7627 2929) தொலைபேசியில் தமிழிலும் பேசுவார்கள்.

உயிரிழப்பு

கொலையோ சந்தேக மரணமோ என்றால் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். குடும்பத்துக்கு அன்றே காரியம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கும். மரணத்தின் காரணத்தில் சந்தேகம் இருந்தால், இரண்டாவது பரிசோதனை வேண்டுமா என்று எரியூட்டும் முன்பே வழக்கறிஞரோடு பேசி முடிவெடுங்கள். தகனத்துக்குப் பின் எந்தக் கேள்விக்கும் உடல் பதில் சொல்லாது. இதைக் குடும்பத்திடம் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. அதற்குப் பிறகு அவர்கள் எடுக்கும் முடிவை மதியுங்கள்.

கோப்பும் நச்சரிப்பும்

ஒரு வளையக் கோப்பு, பிளாஸ்டிக் உறைகள், ஒரு நோட்டுப் புத்தகம், மொத்தம் 15 ரிங்கிட்டுக்குள் முடியும். கோப்பில் ரிப்போர்ட்டின் மூல நகல், மருத்துவச் சீட்டுகள், ரசீதுகள், விடுப்புக் கடிதம், உத்தரவுகள். நோட்டில் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு வரி: தேதி, நேரம், யாரோடு பேசியது, என்ன சொன்னார், அடுத்து எப்போது. ஐ.ஓ.வின் பெயர், பதவி, நேரடி எண் முதல் பக்கத்தில். ரசீது ஒவ்வொன்றும், மருத்துவமனைக்குப் போன கிராப் கட்டணம் உட்பட, பின்னால் இழப்பீடு கேட்க உதவும்.

கண்காணிப்புக் கேமரா உள்ள கடையை நீங்களே தேடி, பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே கேட்டு, கடையின் பெயரை ஐ.ஓ.விடம் கொடுங்கள். பல கேமராக்களில் ஓரிரு வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வாட்ஸ்அப் மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். மூலக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம்.

நான்கு வாரம் ஆகியும் எதுவும் தெரியவில்லையா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்குத்தான். போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, ரிப்போர்ட் செய்து 4 வாரம் கடந்திருந்தால், புகார்தாரர் விசாரணையின் நிலையை எழுத்தில் கேட்கலாம். நிலையப் பொறுப்பதிகாரி 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசு வழக்கறிஞருக்கே முறையிடலாம். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: ரிப்போர்ட் எண், தேதி, ஐ.ஓ. பெயர், ‘107ஏ பிரிவின்கீழ் நிலை அறிய விரும்புகிறேன்’, கையெழுத்து. நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான். போலீசின் நடத்தையே புகார் என்றால் அது வேறு பாதை: போலீசின் உள் ஒழுங்குத் துறையான ஜே.ஐ.பி.எஸ்., அல்லது 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய ஐ.பி.சி.சி. எனும் போலீஸ் நடத்தை ஆணையம்.

ஐ.ஓ.வோடு சண்டை போடாதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், மரியாதையோடு அழைக்கிறவரின் கோப்புதான் மேசையில் மேலே இருக்கும்.

ஜாலான் டூத்தாவில்

கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்துக்கு 8.30-க்குள் வந்துவிடுங்கள். நீண்ட சட்டை, மூடிய காலணி. செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். குறிப்புத் தேதியும் விசாரணைத் தேதியும் வெவ்வேறு. குறிப்புத் தேதியில் அடுத்த நாளை நிர்ணயிப்பதோடு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குப் பாதிக்கப்பட்டவர் வரத் தேவையில்லை. நீங்கள் போய்த் தேதியைக் குறித்துக்கொண்டு வரலாம். சபீனா எனும் அழைப்பாணை வந்தால் மட்டும் கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் சாட்சிக்கே கைது ஆணை பிறக்கலாம். முதலாளியிடம் விடுப்புக் கேட்கவும் அந்தத் தாளே ஆதாரம்.

சாட்சிகள் தங்கள் முறை வரும்வரை அறைக்குள் உட்காரக் கூடாது. அதனால் நீங்களும் சாட்சியாக இருந்தால், அவர் கூண்டில் நிற்கும்போது உள்ளே இருக்க முடியாது. முன்பே இன்னொருவரைத் தயார் செய்யுங்கள், சாட்சி அல்லாத ஒருவரை.

உள்ளே நடப்பதைவிட வெளி நடைக்கூடம் கொடுமையாக இருக்கும். ஒரே நீள இருக்கையின் மறுமுனையில் குற்றம் சாட்டப்பட்டவரின் அம்மா உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பார். கழிப்பறைக்குப் போனால் பின்னாலேயே ஒருவர் வருவார். பாதிக்கப்பட்டவரைச் சுவரோரம் உட்கார வைத்து நீங்கள் நடுவில் உட்காருங்கள். தண்ணீர், பிஸ்கட், கைப்பேசி மின்னேற்றி எடுத்துப் போங்கள். யாராவது மிரட்டினால் உடனே ஐ.ஓ.விடம் சொல்லி, அன்றே ரிப்போர்ட் செய்யுங்கள். குண்டர் கும்பல் வழக்குகளில் 2009-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்கலாம்.

சாட்சி சொல்ல வேண்டியதை நீங்கள் ஒருபோதும் சொல்லிக்கொடுக்காதீர்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம், நினைவில்லாவிட்டால் நினைவில்லை என்று சொல்லலாம், தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை காத்திருக்கலாம், அழுதால் இடைவேளை கேட்கலாம். குறுக்கு விசாரணையில் ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்று வழக்கறிஞர் சொல்வது அவர் தொழிலின் வழக்கம் என்பதை முந்தைய நாளே விளக்கிவிடுங்கள். தெரியாமல் போனால் அந்த ஒரு வாக்கியத்திலேயே மனம் உடைந்துபோவார்.

வசதியிருந்தால் பாதிக்கப்பட்டவருக்காக ஒரு வழக்கறிஞர் வழக்கைக் கவனிக்க அமரலாம். அவர் வாதாட முடியாது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு குற்றச்சாட்டைக் குறைக்கக் கேட்டு மனுக் கொடுத்தால், நம் பக்கத்துக் கருத்தையும் எழுத்தில் டி.பி.பி.க்கு அனுப்ப அவர் உதவுவார்.

தண்டனைக்கு முன்னும் பின்னும்

குற்றவாளி என்று தீர்ப்பானதும் இரண்டு உரிமைகள் திறக்கின்றன, கேட்டால்தான் கிடைக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவின்படி, தண்டனை விதிக்கும் முன் இந்தக் குற்றம் தன் வாழ்க்கையை என்ன செய்தது என்று பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தினரோ நீதிமன்றத்தில் சொல்லலாம். வர முடியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம். குற்றவாளி ஒப்புக்கொண்டால் அன்றே தண்டனையும் வந்துவிடும், எழுத நேரம் இருக்காது. அதனால் முன்பே எழுதி வையுங்கள். ‘மிகவும் வேதனைப்பட்டேன்’ என்பதைவிட ‘ஏழு மாதமாக இரவு விளக்கை அணைக்காமல் தூங்குகிறேன், வலது கையால் மாவு பிசைய முடியாததால் காலைக் கடையை மூடிவிட்டேன்’ என்பது நீதிபதியின் மனத்தில் நிற்கும்.

அதே சட்டத்தின் 426-ஆவது பிரிவின்படி டி.பி.பி. கேட்டால், குற்றவாளி இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். காயம், வருமான இழப்பு, பொருள் இழப்பு எல்லாம் கணக்கில் வரும். கோப்பிலுள்ள ரசீதுகளைக் கூட்டி ஒரு பக்கப் பட்டியலாகத் தீர்ப்பு நாளுக்கு முன்பே டி.பி.பி.யிடம் கொடுங்கள். தனியே சிவில் வழக்கும் போடலாம். பொதுவாக 6 ஆண்டு அவகாசம். வேலையிடப் பாலியல் தொந்தரவு என்றால், 2024-இல் செயல்படத் தொடங்கிய பாலியல் தொந்தரவு தடுப்பு நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க முடியும். அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே பேசலாம்.

தண்டனை போதாது என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யும் அதிகாரம் அரசுத் தரப்புக்கே. அதற்கான அறிவிப்பை 14 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே தீர்ப்பு வந்த அன்று மாலையே உட்கார்ந்து டி.பி.பி.க்குக் கடிதம் எழுதுங்கள், மறுநாள் காலை முத்திரை வாங்குங்கள். அதே கடிதத்தில், சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட கைப்பேசியையும் நகையையும் எப்போது திருப்பித் தருவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.